புதிய கையடக்க கேம் கன்சோல் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்தான் என்பதால், அங்கே கிடைக்கும் பொருள் எதுவும் நமக்கும் கிடைத்த மாதிரிதான் என்று கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து இளைஞர்கள் எண்ணுவதுண்டு. ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 என்ற கையடக்க கேம் கன்சோல் 2025 ஜூன் 5 அன்று வெளியாகி, முதல் நான்கே நாட்களில் உலகெங்கும் 35 லட்சத்துக்கு மேல் விற்றது. வெளியீட்டு நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லாதபோதும், மாங்கூழ் ஆலை வாசல்களில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் பருவம் முடிவதற்குள் எங்கள் வீட்டுக்கே ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. ஓசூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன், பெங்களூருக் கடை ஒன்றில் சொல்லிவைத்து வாங்கி வந்தது அது.

அவன் செய்த தவறுகளையும், அவனுடைய நண்பர்கள் செய்த தவறுகளையும் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பது புரிந்தது. நாம் எல்லோரும் செல்போன் வாங்கிப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்திலேயே கன்சோலையும் வாங்குகிறோம். செல்போனில் எந்த நாட்டு மாடலாக இருந்தாலும் மொழியை மாற்றிக்கொள்ளலாம், மெமரி கார்டு எதுவானாலும் வேலை செய்யும், பழுதானால் நான்கு ரோட்டில் பார்த்துக்கொள்ளலாம். கன்சோலில் இவற்றில் ஒன்றைக்கூட அப்படியே நம்பிவிட முடியாது.

மிகவும் செலவு வைக்கும் தவறு, எந்த நாட்டுக்காகத் தயாரிக்கப்பட்ட பெட்டி என்று பார்க்காமல் விலையை மட்டும் பார்ப்பது. ஸ்விட்ச் 2 ஜப்பானில் இரண்டு வகையாக வெளியானது. வெளியானபோது ஜப்பானிய மொழி மட்டும் உள்ள வகையின் விலை 49,980 யென். பல மொழிகள் உள்ள வகையின் விலை 69,980 யென். குறைந்த விலை வகையில் கன்சோலின் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இயங்கும். ஜப்பானை நாடாகக் குறித்த நின்டெண்டோ கணக்கை மட்டுமே அதில் இணைக்க முடியும். இதைப் பின்னர் அமைப்பில் சென்று மாற்றிக்கொள்ளும் வழி கிடையாது. "சித்தப்பா, ஜப்பான் மாடல்னா ஒரிஜினல்னு அர்த்தம், அதான் விலையும் கம்மி" என்று பெருமையாகப் பெட்டியைப் பிரித்த அண்ணன் மகன், மொழியைத் தேர்வு செய்யும் திரைக்காக வெகுநேரம் காத்திருந்தான். இப்போது பல் சக்கரப் படம் இருந்தால் செட்டிங்ஸ், அதற்குள் மேலிருந்து எத்தனையாவது வரி வைஃபை என்று இடத்தை மனப்பாடம் செய்து ஓட்டுகிறான். கடையில் பணம் கொடுப்பதற்கு முன்பே கன்சோலை இயக்கச் சொல்லி, மொழிப் பட்டியலில் ஆங்கிலம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கடைக்காரர் பெட்டியைப் பிரிக்க மறுத்தால், வேறு கடைக்குப் போவதே நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது மெமரி கார்டு. ஸ்விட்ச் 2 கன்சோலின் உள்ளே 256 ஜிபி இடம் உண்டு. அது போதாதபோது கேம்களைச் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வகைக் கார்டு மட்டுமே பயன்படும். செல்போனிலோ பழைய ஸ்விட்ச் கன்சோலிலோ போட்டிருந்த சாதாரண மைக்ரோ எஸ்டி கார்டிலிருந்து, முன்பு எடுத்துவைத்த படங்களையும் வீடியோக்களையும் எடுத்துக்கொள்ள முடியுமே தவிர, கேமை ஏற்ற முடியாது. இரண்டும் அளவிலும் வடிவத்திலும் ஒன்று போலவே இருப்பதால், விலை குறைந்ததை வாங்கிவந்து கையைப் பிசைவோர் பலர்.

இதோடு தொடர்புடைய இன்னொரு குழப்பம், கடையில் வாங்கும் கேம் கார்டுக்குள் கேம் முழுவதும் இருக்கும் என்ற எண்ணம். ஸ்விட்ச் 2 கேம்கள் சில, கேம்-கீ கார்டு என்ற வடிவில் விற்கப்படுகின்றன. அந்தக் கார்டு வெறும் சாவிதான். கேமை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும், விளையாடும்போதெல்லாம் கார்டும் உள்ளே இருக்க வேண்டும். அட்டையின் முன்பக்கத்திலேயே இது குறிக்கப்பட்டிருக்கும். பிராட்பேண்டு எட்டாத பென்னாகரம், தளி பக்கத்துக் கிராமத்தில் நாளொன்றுக்கு 2 ஜிபி கிடைக்கும் செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி 60 ஜிபி கேமை இறக்கத் தொடங்கினால், ஒரு மாதம் ஓடிவிடும்.

சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் போர்ட்டல் விஷயத்தில் நடப்பது வேறொரு மயக்கம். 2004 இறுதியில் ஜப்பானில் வெளியான சோனியின் பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவியைச் சிறுவயதில் பார்த்து ஏங்கியவர்கள், அதன் வாரிசு வந்துவிட்டது என்று நினைத்து இதை வாங்கிவிடுகிறார்கள். 2024 செப்டம்பரில் இந்தியாவில் 18,990 ரூபாய் விலையில் வெளியான போர்ட்டல், தானாக எந்தக் கேமையும் ஓட்டாது. வீட்டிலுள்ள பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கன்சோலில் ஓடும் கேமை வைஃபை வழியாக வாங்கிக் காட்டும் திரை அது. அதற்குக் குறைந்தது 5 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும், நன்றாக ஓட 15 எம்பிபிஎஸ் வேண்டும் என்கிறது சோனி. பிஎஸ்5 இல்லாதவர் ஓசூர் பேருந்தில் விளையாடலாம் என்று இதை வாங்குவதில் பொருளில்லை.

பெட்டியைப் பிரித்த ஆவலில் செய்யும் தவறு ஒன்றை நேரிலேயே தடுக்க நேர்ந்தது. புதுச் செல்போனில் ஒட்டிவரும் மேல் தாளை உரிப்பதைப் போல, அண்ணன் மகனின் நண்பன் ஸ்விட்ச் 2 திரையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பத் தொடங்கினான். அது கழற்றி எறிய வேண்டிய உறை அன்று. திரை உடைந்தால் சில்லுகள் சிதறாமல் பிடித்துக்கொள்வதற்காக ஒட்டப்பட்ட படலம். அதை உரிக்கக் கூடாது என்று நிறுவனமே எச்சரிக்கிறது. கீறல் விழும் என்று அஞ்சுவோர் அதன் மேலேயே டெம்பர்டு கிளாஸ் ஒட்டிக்கொள்ளலாம்.

வெயிலையும் நாம் கணக்கில் எடுப்பதில்லை. ஸ்விட்ச் கன்சோலை 5 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்துமாறு நின்டெண்டோ கூறுகிறது. தருமபுரியின் ஏப்ரல், மே மாதங்கள் அந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடும். மெத்தை மீது கன்சோலைக் கிடத்திக் காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டு விளையாடுவதும், தொப்பூர் வழியே பயணம் போகும்போது உணவகத்தின் வெளியே வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்வதும் பேட்டரிக்குக் கேடு.

முதல் நாளிலேயே வாங்கலாமா, காத்திருக்கலாமா என்பதற்கு ஒரே விடை கிடையாது. அமெரிக்காவில் 2011 மார்ச்சில் 249.99 டாலருக்கு வந்த நின்டெண்டோ 3டிஎஸ், அதே ஆண்டு ஆகஸ்டில் 169.99 டாலராக இறங்கியது. முந்திக்கொண்டவர்களை நிறுவனம் 20 இலவசப் பழைய கேம்கள் தந்து சமாதானப்படுத்தியது. அதற்கு நேர்மாறாக, 2017-இல் வெளியான முதல் ஸ்விட்ச், எட்டு ஆண்டுகள் கழித்து 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் விலை ஏறியது. ஆகவே விலை குறையும் என்று மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஆனால் அதிகாரப்பூர்வ விற்பனை இல்லாத ஊரில், வெளியீட்டு வாரத்தில் கேட்கப்படும் கூடுதல் தொகையில் பெரும்பகுதி அவசரத்துக்கான கூலியே.

பழைய கன்சோல் வாங்குவோருக்கு ஒன்று. திருட்டுக் கேம்களை ஓட்டிய கன்சோல்களை நின்டெண்டோ தன் ஆன்லைன் சேவையிலிருந்து தடை செய்துவிடுகிறது. தடை கணக்கோடு நில்லாமல் அந்தக் கருவியையே பிடித்துக்கொள்வதால், கைமாறினாலும் நீங்காது. வெளித்தோற்றத்தில் அது புதுசு போலவே பளபளக்கும். விற்பவர் முன்னிலையிலேயே உங்கள் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, நின்டெண்டோவின் ஆன்லைன் கடையான இ-ஷாப் திறக்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரலால் அசைக்கும் இரண்டு அனலாக் குச்சிகளையும் தொடாமல் விட்டு, திரையில் ஏதாவது தானாக நகர்கிறதா என்றும் ஒரு நிமிடம் கவனியுங்கள். பிறகு விலை பேசலாம்.