வேலூருக்குக் கைநரம்பு வைத்தியத்துக்குச் செல்வோர் கவனத்துக்கு

காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவிலோ, அதற்குச் சற்று மேலே கழுத்துத் தசைகளின் இடுக்கிலோ கைக்குச் செல்லும் நரம்புகள் நெருக்குண்டு, கை மரத்துப்போவதைத் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்கிறார்கள். கை திடீரென வீங்கினாலோ நீலம் பாரித்தாலோ அது இரத்தக்குழாய் நெருக்குண்ட வகையாக இருக்கலாம். ஊருக்குச் சீட்டு எடுக்காமல், இருக்கும் இடத்திலேயே உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை நரம்பு வகையே. அவற்றிலும் தசை தேயாமல், நரம்பில் மின்துடிப்பு சரியாகப் பாய்கிறதா என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனையில் எதுவும் சிக்காமல், வலியும் மரப்பும் மட்டும் இருப்பவர்களுக்கு இந்த நோய்தான் என்று சொல்லலாமா என்பதிலேயே மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஆகவே முதலில் யாரிடம் போய் உட்காருகிறோம் என்பதே பாதி வைத்தியத்தைத் தீர்மானித்துவிடுகிறது.

எனக்கு அதைத் தீர்மானிக்க முயன்றவர் குடியாத்தத்து மாமா. நான் வெளிநாட்டிலிருந்து வந்து காட்பாடியில் இறங்குவதற்குள் ஒரு தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டி, விலா எலும்பை எடுக்க நாளும் குறித்து வைத்திருந்தார். "இன்னா மாப்ளே, நம்ம ஆளு, நீ திரும்பிப் போறதுக்குள்ள முடிச்சுக் குடுத்துடுவாரு" என்றார். அந்த மருத்துவர் கையை உயர்த்தச் சொல்லி, மணிக்கட்டில் நாடி மங்குகிறது என்று காட்டி, நோயை உறுதி செய்துவிட்டார். நல்ல உடல்நிலையில் உள்ள பலருக்கும் அந்த நிலையில் நாடி மங்கும் என்பதை அவர் சொல்லவில்லை. கழுத்தை எக்ஸ்ரே எடுக்கவில்லை, முழங்கையைத் தொட்டுப் பார்க்கவுமில்லை. நான் மறுத்ததும் மாமா சொந்தங்கள் அத்தனை பேருக்கும் போன் செய்து, வெளிநாட்டுப் பணம் வந்ததும் உள்ளூர் டாக்டர் இளக்காரமாகிவிட்டதாகச் சொன்னார். அம்மாவின் கடைசிக் காலத்தில் எனக்குப் பதிலாக மருத்துவமனை வரிசைகளில் நின்றவர் அவர்தான். அதனால் அந்தப் பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை.

இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறை 1949இல் சி.எம்.சி.யில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்) தொடங்கிய ஊர் இது; இங்கும் பக்கத்துக் கரிகிரியிலும் தொழுநோயாளிகளின் விரல்களை நிமிர்த்திய அறுவைமுறைகள் வளர்ந்தன. இந்தப் பகுதியில் சுண்டுவிரல் மரத்தால், தொழுநோயில் தடிப்பதுபோல் முழங்கை நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்க்காத மருத்துவரை நான் நம்பமாட்டேன். கழுத்துத் தட்டு (டிஸ்க்) விலகல், மணிக்கட்டு நரம்பு நெருக்கம், நுரையீரல் உச்சியில் கட்டி ஆகியவை இல்லையென்று முதலில் தெளிவுபடுத்துபவரைத் தேடுங்கள். எக்ஸ்ரேயில் கழுத்து விலா, அதாவது கழுத்தில் பிறவியிலேயே கூடுதலாக இருக்கும் விலா எலும்பு, தெரிந்தாலும் அதுவே காரணம் என்றாகாது. அது இருப்பவர்களில் பலருக்குத் தொல்லையே வருவதில்லை. தசை தேயாதவரை, சில மாதப் பிசியோதெரபிக்குப் பிறகே கத்தியைப் பற்றிப் பேசுபவர் நல்லவர். இந்த அறுவையை எத்தனை முறை செய்திருக்கிறார், மூச்சுக்கு உதவும் உதரவிதானத் தசையை இயக்கும் நரம்பு பாதிக்கப்பட்டால் என்ன செய்வார் என்று நேராகவே கேளுங்கள்.

அறுவையின்போது நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்தால், அது சரியாகும்வரை விமானம் ஏற முடியாது; திரும்பும் தேதிக்குள் முடித்துத் தருவதாகச் சொல்பவரிடம் இதையே முதலில் கேட்க வேண்டும். உறவினரிடம் புறப்படும் முன்பே, பெயர் பதிவதோடு நிறுத்திக்கொள்ளும்படியும் முன்பணம் எங்கும் கட்ட வேண்டாமென்றும் சொல்லிவிடுங்கள். மாமா கட்டிய பணம் திரும்பவில்லை. அதற்கு ஈடாக நான் அனுப்பிய பணத்தை அவர் வாங்கவுமில்லை.