வட்டியை இரண்டு முறை கழிக்காதீர்கள்

நிறுவன நிதிப் பாடத்தில் சூத்திரம் தெரியாமல் மதிப்பெண்ணை விடுபவர்கள் குறைவு. எந்தத் தொகையைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கியிருக்கிறேன்.

முதலில் வட்டி. ஒரு திட்டத்தில் இன்று 100 லட்சம் போட்டால் ஓராண்டு கழித்து 115 லட்சம் வரும். மூலதனச் செலவு, அதாவது பணம் போட்டவர்கள் ஆண்டுக்கு எதிர்பார்க்கும் வருமானம், 12 சதவீதம். வரி இப்போதைக்கு வேண்டாம். 115ஐ 1.12ஆல் வகுத்தால் 102.68, அதில் போட்ட 100ஐக் கழித்தால் நிகர நிகழ்கால மதிப்பு, அதாவது என்பிவி, 2.68 லட்சம். திட்டம் தேறிவிட்டது. ஆனால் பாதிப் பணம் 10 சதவீத வட்டிக்கு வாங்கிய கடன் என்று கேள்வியில் ஒரு வரி இருக்கும். உடனே கை 5 லட்சத்தைக் கழித்து, 110ஐ 1.12ஆல் வகுக்கும். வருவது 98.21. நல்ல திட்டத்தை நஷ்டம் என்று எழுதிவிட்டு வருவோம்! கடன் கொடுத்தவருக்கான வட்டி, பங்குதாரர் எதிர்பார்க்கும் வருமானம் இரண்டும் அந்த 12 சதவீதத்துக்குள்ளேயே இருக்கின்றன. லாப நட்டக் கணக்கு எழுதிப் பழகிய வணிகவியல் மாணவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள் என்பது என் அனுபவம்.

தேய்மானத்தில் கதை வேறு. அது பணமாக வெளியே போவதில்லை என்று சொல்லிக்கொடுத்ததும், சிலர் அதை அடியோடு தூக்கி எறிந்துவிடுகிறார்கள். ஆனால் வரிக்குரிய லாபத்தை அது குறைக்கும். 40 லட்சம் தேய்மானம், 25 சதவீத வரி என்றால் 10 லட்சம் வரி மிச்சம். அது உண்மையான பணம்.

அப்புறம், போன பணம். சந்தை ஆய்வுக்கு ஏற்கெனவே கொடுத்த கட்டணம் கேள்வியில் இருந்தால் அது தூண்டில், தொடாதீர்கள். ஒலியை மிஞ்சும் கான்கார்ட் விமானத்தை உருவாக்க 1962இல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டன. செலவு ஏறிக்கொண்டே போனபோதும் திட்டம் நிற்கவில்லை. கட்டியது 20 விமானங்கள், பயணிகள் சேவைக்கு வந்தவை 14தான். இவ்வளவு போட்டாயிற்றே என்று மேலும் போடுவதற்கு அதன் பெயரே நிலைத்துவிட்டது. அதே சமயம் கம்பெனியின் காலி இடத்தில் திட்டம் வந்தால், ‘நம்ம இடம்தானே’ என்று விடக்கூடாது. வாடகைக்கு விட்டிருந்தால் வந்திருக்கும் பணம் கணக்கில் வர வேண்டும்.

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் ஐஆர்ஆர், அதாவது திட்டம் தரும் ஆண்டு வருமான சதவீதத்தைப் பார்த்து மயங்காதீர்கள். 1 லட்சம் போட்டு ஓராண்டில் 1.5 லட்சம் எடுத்தால் 50 சதவீதம். 10 லட்சம் போட்டு 13 லட்சம் எடுத்தால் 30 சதவீதம்தான். ஆனால் 10 சதவீத மூலதனச் செலவில் முதலாவதன் என்பிவி சுமார் 36,000 ரூபாய், இரண்டாவதுடையது சுமார் 1.82 லட்சம்.

கடைசியாக, ‘கடன் 9 சதவீதத்தில் கிடைக்கிறது, திட்டம் 10 சதவீதம் தருகிறது, போதுமே’ என்ற வாதம். கடன் கூடக்கூடப் பங்குதாரரின் ஆபத்தும் கூடும், அவர் கேட்கும் வருமானமும் கூடும். பொருளாதார அறிஞர்கள் மோடிகிலியானியும் மில்லரும் 1958இல் காட்டியது இதைத்தான். வரி இல்லாத, திவால் செலவு இல்லாத உலகில் கடன் விகிதம் நிறுவனத்தின் மதிப்பை மாற்றாது என்றார்கள். 1963இல் அவர்களே வரியைச் சேர்த்துத் திருத்தியபோது கடனுக்குச் சாதகமான விடை வந்தது. விடைத்தாளில் பலர் வரி விகிதம் கொடுத்திருக்கும் கணக்குக்கும் 1958ஆம் ஆண்டு விடையையே எழுதுகிறார்கள்.