மதர்போர்டு பின்கள், கனெக்டர்கள்: செலவு வைக்கும் தவறுகள்

புதிதாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய உட்காருபவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்தால், பத்து வருடத்துக்கு முன் நாம் செய்த அதே தவறுகள் அதே வரிசையில் வருகின்றன. ரேமை முழுதாக அழுத்தாமல் விடுவது, மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் போர்டில் செருகுவது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. அவற்றால் நஷ்டம் கிடையாது, ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். பொருளை எரிக்கிற, உடைக்கிற தவறுகளை மட்டும் பார்ப்போம். இவற்றில் பெரும்பாலானவை ஒரே நம்பிக்கையில் நடக்கின்றன: கனெக்டர் உள்ளே போய்விட்டது, அப்படியென்றால் இடம் சரிதான் என்ற நம்பிக்கை.

எல்லா 10-பின் ஹெடரும் ஒன்றல்ல

போர்டின் கீழ் விளிம்பில் ஐந்தைந்தாக இரண்டு வரிசை பின்கள் கொண்ட ஹெடர்கள் (கேபிள் செருகும் பின் கூட்டங்கள்) மூன்று நான்கு இருக்கும். எல்லாவற்றிலும் பின்களுக்கு நடுவே அதே 2.54 மில்லிமீட்டர் இடைவெளிதான். எது எது என்று அடையாளம் காட்டுவது, இல்லாமல் போன அந்த ஒரு பின். முன்பக்க ஆடியோவில் 8-ஆவது இடம் காலி. யுஎஸ்பி 2.0-இல் 9-ஆவது காலி. பவர் பட்டன் சேரும் ஃப்ரன்ட் பேனல் ஹெடரில் 10-ஆவது காலி. எண்கள் ஒரு வரிசையில் 1, 3, 5 என்றும் அடுத்த வரிசையில் 2, 4, 6 என்றும் ஓடும். 1-ஆவது பின்னுக்குப் பக்கத்தில் சிறு முக்கோணமோ தடித்த வெள்ளைக் கோடோ அச்சிட்டிருப்பார்கள். எண்ண ஆரம்பிக்க வேண்டியது அங்கிருந்துதான்.

ஃப்ரன்ட் பேனலில் 1, 3 ஹார்ட் டிஸ்க் லைட். 2, 4 பவர் லைட். 5, 7 ரீசெட். 6, 8 பவர் பட்டன். பெரும்பாலான போர்டுகள் இந்த வரிசையைத்தான் பின்பற்றுகின்றன. பட்டன்களுக்குப் பிளஸ், மைனஸ் கிடையாது, எப்படித் திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும். எல்இடி-க்கு உண்டு, திருப்பிப் போட்டால் எரியாது, கெட்டும் போகாது. ஆகவே இந்த ஹெடரைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது யுஎஸ்பி ஹெடருக்கு. பழைய போர்டுகளில் ஃபயர்வயர் (யுஎஸ்பி போன்ற ஒரு பழைய இணைப்பு) ஹெடரும் அதே 10-பின் அளவில், அதே 9-ஆவது இடம் காலியாக இருக்கும். யுஎஸ்பி கேபிள் அதில் கச்சிதமாக உட்காரும். யுஎஸ்பி-யில் 7, 8 கிரவுண்டு. ஃபயர்வயரில் அதே 7, 8-இல் 12 வோல்ட். பழைய போர்டைக் கையில் எடுத்தால், பிளாஸ்டிக்கின் நிறத்தை நம்பாமல் பக்கத்தில் அச்சிட்ட பெயரைப் படியுங்கள்.

பழைய பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் மாட்டுவது

இந்தப் பட்டியலில் மிகவும் வலிக்கிற தவறு இதுதான். எத்தனை முறை எச்சரித்தாலும் திரும்பத் திரும்ப நடக்கிறது. நடக்கும் விதமும் ஒன்றேதான். பழைய மாடுலர் பவர் சப்ளை, அதாவது கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடியது, பழுதாகிறது. கேபிள்களை எல்லாம் அழகாகக் கட்டி, கேஸின் பின்புறம் டை போட்டு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதைக் கலைக்க மனம் வரவில்லை. பவர் சப்ளை பெட்டியை மட்டும் கழற்றி, புதியதை வைத்து, பழைய கேபிள்களையே அதில் செருகுகிறார்கள். கிளிப் 'டக்' என்று விழுகிறது. பட்டனை அழுத்தினால் ஒரு நொடி ஃபேன் அசைந்து நிற்கிறது. அதற்குள் உள்ளேயிருந்த எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் போய்விட்டன.

ஏன் இப்படி? போர்டிலும் டிஸ்கிலும் சேரும் முனைக்குத் தரநிலை உண்டு. போர்டின் 24-பின், சிபியூவின் 8-பின், டிஸ்க்கின் சாட்டா பவர் ஆகிய மூன்றும் எந்த நிறுவனம் செய்தாலும் ஒன்றே. ஆனால் பவர் சப்ளை பெட்டியில் சேரும் முனைக்குத் தரநிலை கிடையாது. எந்தத் துளையில் 5 வோல்ட், எதில் 12 வோல்ட், எதில் கிரவுண்டு என்பது தயாரிப்பவர் இஷ்டம். ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளுக்குள்ளேயே மாறுவதுண்டு. பிளாஸ்டிக் கூடு மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்கிறது, அதனால் செருகிவிட முடிகிறது.

டிஸ்க் முனையில் என்ன ஆகிறது என்று பாருங்கள். சாட்டா பவர் கேபிளில் வழக்கமாக ஐந்து கம்பிகள்: 3.3 வோல்ட், கிரவுண்டு, 5 வோல்ட், கிரவுண்டு, 12 வோல்ட். 2.5 அங்குல எஸ்எஸ்டி பெரும்பாலும் 5 வோல்ட்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும். அந்தக் கம்பியில் 12 வோல்ட் வந்தால் உள்ளே இருக்கும் சிப் தாங்காது. ஹார்ட் டிஸ்க்கில் அதிக வோல்டேஜ் வந்தால் தன்னையே பலி கொடுத்துக் காக்கிற டயோடுகள் இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் அவற்றை மாற்றியதும் டேட்டா திரும்பக் கிடைக்கும். சர்க்யூட் போர்டே போயிருந்தால், அதே மாடலில் வேறொன்றை வாங்கி மாட்டினால் போதாது. அந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகளை வைத்திருக்கும் ரோம் சிப்பையும் பழைய போர்டிலிருந்து எடுத்து மாற்ற வேண்டும். வீட்டு மேசையில் முடிகிற வேலை இல்லை.

புதிய பெட்டியோடு வந்த கேபிள்களையே போடுங்கள். எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் பழையதை அவிழ்த்துவிடுங்கள். பழைய பெட்டியை ஓரம் வைக்கும்போது அதன் கேபிள்களையும் அதே பையில் போட்டு மாடல் பெயரை எழுதி வையுங்கள். எதனுடையது என்று தெரியாத ஒற்றைக் கேபிள் டிராயரில் கிடந்தால் அது ஆபத்தான பொருள்.

வேறு வழியில்லாமல் சந்தேகத்துக்குரிய கேபிளைப் பயன்படுத்த வேண்டி வந்தால், முதலில் மல்டிமீட்டரால் பாருங்கள். போர்டு, டிஸ்க், கார்டு எதையும் இணைக்கக் கூடாது. 24-பின் கேபிளும் பெட்டியோடு வந்த அதன் சொந்தக் கேபிளாக இருக்க வேண்டும். மெயின் சுவிட்ச் அணைந்திருக்கும்போது அதில் 16-ஆவது பின்னையும் பக்கத்தில் உள்ள கிரவுண்டையும் ஒரு கம்பியால் இணைக்க வேண்டும். கிளிப் இருக்கும் வரிசையில், பிரித்தெடுக்கக்கூடிய 4-பின் துண்டு இல்லாத முனையிலிருந்து எண்ணினால் நான்காவதுதான் 16. அதன் இரு பக்கமும் கிரவுண்டு. பழைய பெட்டிகளில் 16-க்குப் பச்சைக் கம்பி, இப்போது பெரும்பாலும் எல்லாமே கறுப்பு என்பதால் நிறம் உதவாது. பிறகு சுவிட்சைப் போட்டு, சாட்டா முனையை அளந்து பாருங்கள். நடுக்கம்பி 4.75-க்கும் 5.25-க்கும் இடையே, 12 வோல்ட்டுக்கான ஓரக்கம்பி 11.4-க்கும் 12.6-க்கும் இடையே காட்ட வேண்டும். நடுவில் 12 காட்டினால் அந்தக் கேபிளை அங்கேயே வெட்டிப் போடுங்கள். வைத்திருந்தால் இன்னொரு நாள் யாராவது எடுத்து மாட்டுவார்கள்.

சிபியூ 8-பின்னும் கிராபிக்ஸ் 8-பின்னும்

சிபியூவுக்கான கேபிள் 4+4 என்று பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கானது 6+2 என்று பிரியும். சிபியூ கேபிளில் கிளிப் பக்கம் நான்கும் 12 வோல்ட். கார்டு கேபிளில் கிளிப் பக்கம் கிரவுண்டு. ஒன்றை மற்றொன்றில் திணித்தால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் நேரடியாகச் சேரும். துளைகளின் வடிவம் இதைத் தடுக்கத்தான் சதுரமும் மூலை மழுங்கியதுமாக மாறி மாறி அமைந்திருக்கிறது. பலம் கொடுத்தால்தான் போகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

லைட்டில் 5 வோல்ட்டா, 12 வோல்ட்டா

வண்ண லைட்டுகளுக்கு இரண்டு வகை ஹெடர் உண்டு. நான்கு பின் உள்ள ஆர்ஜிபி ஹெடர் 12 வோல்ட். மூன்று பின்னும் நடுவில் ஒரு காலி இடமும் உள்ள ஏஆர்ஜிபி ஹெடர் 5 வோல்ட். ஏஆர்ஜிபி ஸ்டிரிப்பின் முனையில் அந்தக் காலி இடத்தை அடைத்திருப்பார்கள், அதனால் 12 வோல்ட் ஹெடரில் நுழையாது. 'பின் இடிக்கிறது' என்று போர்டின் பின்னையே வளைத்து, வெட்டிச் செருகியவர்கள் இருக்கிறார்கள். ஸ்டிரிப் அந்தக் கணமே போகும். சில எக்ஸ்டென்ஷன் கேபிள்களில் அந்த இடம் அடைக்கப்படாமலும் வரும். அங்கே ஹெடரின் பெயரைப் படிப்பது ஒன்றுதான் காப்பு.

யுஎஸ்பி 3 ஹெடர்

இரண்டு வரிசையில் 19 பின்கள், மெல்லியவை. கேபிளோ தடித்தது, வளையாதது. செருகும்போது பின் சாய்வதைவிட, கழற்றும்போது பிளாஸ்டிக் கூடே பிளக்கோடு சேர்ந்து பிடுங்கி வருவதுதான் அதிகம். ஒரு கை விரல்களால் கூட்டைப் போர்டோடு அழுத்திப் பிடித்து, மறு கையால் பிளக்கை நேர் மேலாக இழுங்கள். கேபிளைப் பிடித்து இழுக்காதீர்கள். கிராபிக்ஸ் கார்டு பொருத்தும் முன்பே இதைச் செருகிவிட்டால் விரலுக்கு இடம் கிடைக்கும்.

சாக்கெட்

பின்கள் போர்டில் இருக்கும் எல்ஜிஏ சாக்கெட்டில் விரல் படக் கூடாது. எல்ஜிஏ 1700-இல் 1700 பின்கள், ஏஎம்5-இல் 1718. கறுப்பு பிளாஸ்டிக் மூடியை முன்கூட்டியே எடுக்காதீர்கள். பிராசசரை வைத்து லீவரை அழுத்தும்போது அது தானாக எம்பி வெளியே வரும். வந்ததைத் தூக்கி எறிய வேண்டாம், போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது அது சாக்கெட்டின் மேல் இருக்க வேண்டும்.

பின்கள் பிராசசரில் இருக்கும் ஏஎம்4-இல் ஆபத்து வேறு. கூலரைக் கழற்றும்போது, அதற்கும் பிராசசருக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்து பிடித்துக்கொண்டு, லீவர் பூட்டியிருந்தாலும் பிராசசர் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வரும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தளர்த்திய பிறகே தூக்குங்கள்.

ஃபேன்

பிராசசர் கூலரின் வயரைச் சிபியூ ஃபேன் என்று எழுதிய ஹெடரில் போடுங்கள். வேறு எங்கு போட்டாலும் பல போர்டுகள் பூட் ஆகாமல் நின்று எரர் காட்டும்.

ஸ்டாண்ட்ஆஃப்

போர்டைக் கேஸிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் சிறு உலோகத் தூண்தான் ஸ்டாண்ட்ஆஃப். போர்டில் துளை இல்லாத இடத்துக்கு நேர் கீழே ஒன்று மிஞ்சினாலும் ஷார்ட் ஆகலாம்.

சிமாஸ் ஜம்பர்

பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளை அழிக்கும் பின்கள் இவை. ரீசெட் பட்டனின் வயரை இதில் போட்டுவிடாதீர்கள், இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பயாஸ் அமைப்புகளை அழிக்க வேண்டுமானால் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் சில நொடிகள் சேர்த்துப் பிடியுங்கள். மூன்று பின் உள்ள வகையில் ஜம்பரை (இரண்டு பின்களைச் சேர்க்கும் சிறு மூடியை) 2–3-க்கு நகர்த்தினால், மறுபடி 1–2-க்குக் கொண்டு வந்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். அழிக்கும் நிலையிலேயே விட்டுவிட்டு, போர்டு செத்துவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப்படும் போர்டுகள் உண்டு.