குளிர்காலக் காலையில் அம்பாசடர் கிளம்பாவிட்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டியில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும் தை மாத விடியற்காலையில், பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் அம்பாசடர் உடனே கிளம்பாவிட்டால், பலர் முதலில் கை வைப்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் மீதுதான். நேற்று மாலை நன்றாக ஓடிய வண்டியின் ஸ்லோ ஸ்பீட் திருகு (பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை அமைப்பது) ஒரே இரவில் தானாக மாறிவிடாது. அதைத் திருகினால், இருக்கும் கோளாறோடு நாமே உண்டாக்கிய இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். பிறகு எது எதனால் என்று பிரித்தறிவது கடினம்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் எளிதில் ஆவியாகாமல் கலவையைச் சிலிண்டருக்குக் கொண்டுசெல்லும் குழாயான மேனிஃபோல்டின் உட்சுவரில் ஈரமாகப் படிந்துவிடுவதால், எரியத்தக்க கலவை சிலிண்டருக்குப் போதுமான அளவு போய்ச் சேர்வதில்லை. அந்தக் குறையை ஈடுகட்டுவதே சோக்கின் வேலை. சோக் குமிழை இழுத்துவிட்டோம், ஆகவே சோக் வேலை செய்கிறது என்று நம்பிவிடுவது நான் மிக அதிகமாகக் கண்ட தவறு. கேபிள் துருப்பிடித்தோ அதன் பிடி தளர்ந்தோ இருந்தால், குமிழ் முழுவதும் வெளியே வந்தபின்னும் உள்ளே பாதி அசைவுதான் நிகழும். ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, வேறொருவரைக் குமிழை இழுக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்துவிடுங்கள். சோலக்ஸ் கார்புரேட்டரில் கேபிள் இணைந்த சோக் நெம்பு கடைசிவரை நகர வேண்டும். பழைய வண்டிகளிலுள்ள எஸ்.யூ. கார்புரேட்டரின் அமைப்பு வேறு. அதில் அடியிலுள்ள ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளைக்குழாய்) கீழிறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆக்சிலரேட்டரை ஓயாமல் மிதிப்பதும் இந்த வேறுபாட்டை அறியாததால் வருவதே. சோலக்ஸில் ஒவ்வொரு மிதிக்கும் சிறு பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சுவதால், ஓரிரு முறைக்கு மேல் மிதித்தால் ப்ளக்குகள் நனைந்துவிடும். எஸ்.யூ.வில் அந்தப் பம்பே இல்லை என்பதால், எஞ்சின் நிற்கும்போது மிதிப்பதில் பயனே இல்லை. பெட்ரோல் வாடை பலமாக அடித்தால் சோக்கை முழுவதும் உள்ளே தள்ளி, பெடலை அடிவரை மிதித்தபடி பத்து விநாடிக்கு மிகாமல் செல்ஃப் அடியுங்கள். கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றி செல்ஃப் அடிப்பதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். எஞ்சினுக்குள்ளிருந்து நெருப்பு கார்புரேட்டர் வழியாகத் திருப்பி வெடித்தால் (பேக்ஃபயர்) பானெட்டுக்குள் தீப்பற்றிவிடும்.

பெட்ரோலில் குறையில்லை என்றால், பார்வை கரண்டின் பக்கம் திரும்ப வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடிக்கும்போது வெளிச்சம் அணையும் அளவுக்கு மங்கினால், பேட்டரியையோ வெள்ளைப் பொடி பூத்த டெர்மினலையோ சந்தேகிக்கலாம். வோல்டேஜ் இறங்கினால் ப்ளக்கின் தீப்பொறிக்கு உயர் வோல்டேஜ் தரும் காயிலுக்கும் கரண்ட் குறைந்து, பொறி வலுவிழக்கும். பிறகு அந்தக் கரண்டை ஒவ்வொரு ப்ளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உட்புறத்தில் பனி ஈரம் கோத்திருக்கிறதா என்று பாருங்கள்; உலர்ந்த துணியால் துடைத்ததுமே கிளம்பிய வண்டிகள் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரையும், ப்ளக் இடைவெளி ஏறத்தாழ 0.64 மி.மீ. அளவிலும் இருக்க வேண்டும். இவற்றை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளக்காமல் கண்ணளவாக வைப்பது நல்லதன்று.

பல நாள் நின்ற வண்டியில் கார்புரேட்டரின் சிறு பெட்ரோல் தொட்டியான ஃப்ளோட் சேம்பரிலுள்ள பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். அதை நிரப்பச் செல்ஃபையே அடித்துப் பேட்டரியைத் தீர்க்காமல், பெட்ரோல் பம்பில் கைநெம்பு இருந்தால் அதனால் சில முறை அடித்து ஏற்றிக்கொள்ளுங்கள்.

கிளம்பியபின் சோக்கை மறந்துவிடுவது கடைசித் தவறு. மிகுதியான பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்கும். எஞ்சின் சூடேறச் சூடேறக் குமிழைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளி, தடுமாறாமல் ஓடத் தொடங்கியதும் முழுவதும் மூடிவிட வேண்டும்.