மியூல் மான் வேட்டை: புதிய இடத்துக்கு மாறலாமா, பழைய இடமே போதுமா?

மூன்று சீசன் ஒரே மலைச்சரிவில் குளிரில் உட்கார்ந்து வெறுங்கையோடு வீடு திரும்பினால் யாருக்கும் தோன்றும், இந்த இடமே ராசியில்லை என்று. எனக்கும் தோன்றியது. ஆத்திரத்தில் இடம் மாற்றி, புது இடத்திலும் ஒரு வருடத்தைத் தொலைத்தேன். அந்த வருடம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நான் வேட்டைக்குப் போவது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில். அதனால் விதிகளும் அட்டவணைகளும் அந்த மாநிலத்துடையவை. வயோமிங், யூட்டா பக்கம் இருப்பவர்கள் யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள், விதியை உங்கள் மாநிலக் கையேட்டில் பாருங்கள்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மான் வேட்டை என்றால் நேரே சிறைதான். இங்கே அரசே ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை மான் என்று கணக்குப் போட்டு அத்தனை லைசென்ஸ் மட்டும் கொடுக்கிறது. அதை எல்லோரும் ‘டேக்’ என்பார்கள். கொலராடோவில் 1999 முதல் மான் டேக் எல்லாமே குலுக்கலில்தான். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால், வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த அட்டையும் வேண்டும்.

மியூல் மானுக்கு அந்தப் பெயர் வந்தது காதால். கோவேறு கழுதைக்கு இருப்பதுபோல் பெரிய காது. வால் நுனி கறுப்பு, கொம்பு கவட்டை கவட்டையாகப் பிரியும், மிரண்டால் நான்கு காலையும் சேர்த்துத் தூக்கிப் பந்துபோல் துள்ளும். இடம் தேடுகிறவருக்கு இதையெல்லாம்விட முக்கியமான குணம் ஒன்று உண்டு: பல மந்தைகள் இடம் பெயரும். கோடையில் மலை உச்சி, பனிக்காலத்தில் அடிவாரத்து சேஜ் புதர்க்காடு. வயோமிங்கில் ரெட் டெசர்ட் பாலைவெளியிலிருந்து ஹோபாக் வரை 150 மைல் நடக்கும் மந்தையே இருக்கிறது. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் படி: குற்றம் இடத்துடையதா, நம்முடையதா?

பழைய இடத்தை விடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கடந்த சீசனில் விடிவதற்கு முன்பே போய் உட்கார்ந்தது எத்தனை நாள்? காரை விட்டு ஒரு மைலுக்கு மேல் நடந்தது எத்தனை நாள்? மான் கண்ணிலேயே படவில்லையா, பட்டும் தவறவிட்டீர்களா? பெண் மான்கள் நிறைய இருந்து கிடா மட்டும் காணவில்லை என்றால், நீங்கள் போன வாரம் தப்பாக இருக்கலாம். மியூல் மான் இணை சேரும் பருவம் நவம்பர் நடுவில் சூடு பிடிக்கும். அதுவரை பெரிய கிடாக்கள் பெண் மான் கூட்டத்தின் பக்கமே வராமல் மறைவாகக் கிடக்கும். இப்படி இருந்தால் மாற்றவேண்டியது சீசனை, அதாவது போகும் வாரத்தை, இடத்தை அல்ல.

என் தாளில் வந்த விடை கொஞ்சம் வெட்கமானது. ஒன்பது நாளில் ஐந்து நாள் நான் போய்ச் சேரும்போது சூரியன் வந்துவிட்டிருந்தது.

இரண்டாம் படி: அந்த டேக் கிடைக்குமா?

கிடைக்காத இடத்தைப் பற்றிக் கனவு கண்டு பயனில்லை. மாநிலம் யூனிட்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் இருக்கிறது. டேக் குறியீடு முதலில் கிரேக்கம்போல் இருக்கும், பிரித்தால் சுலபம். டி-எம்-061-ஓ2-ஆர் என்றால்: மான், ஆண், 61-ஆம் யூனிட், இரண்டாவது ரைபிள் சீசன், ரைபிள். அந்த ‘ஓ’ இருக்கும் இடத்தில் ‘பி’ இருந்தால் அது தனியார் நிலத்துக்கு மட்டுமான டேக். பண்ணைக்காரர் யாரையும் தெரியாமல் அதை வாங்கினால் ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டும் காகிதம்தான் மிஞ்சும்.

குலுக்கலில் ஒவ்வொரு வருடமும் முதல் விருப்பம் கிடைக்காதவருக்கு முன்னுரிமைக்கான ஒரு பாயிண்ட் சேரும். எத்தனை பாயிண்ட் வைத்திருந்தவர்களுக்கு எந்த டேக் கிடைத்தது என்ற பட்டியலை மாநில வனவிலங்குத் துறை வருடா வருடம் வெளியிடுகிறது. மேற்கு கொலராடோவின் அன்கம்பாக்ரே பீடபூமியில் இருக்கும் அந்த 61-ஆம் யூனிட் பெரிய கொம்புக்குப் பேர்போனது. பல வருடம் பாயிண்ட் சேர்த்தவர்கள் அதற்குக் காத்திருக்கிறார்கள். புதியவர் முதல் வருடமே அதைக் கேட்பது கோயில் யானையை வாடகைக்குக் கேட்பதுபோல.

மூன்றாம் படி: அட்டவணையைப் படிப்பது

எல்லோரும் வெற்றி விகிதத்தைப் பார்ப்பார்கள், கூடுதலாக இருப்பதைத் தேர்ந்தெடுப்பார்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். துறையின் வேட்டை அறிக்கையில் கடைசியில் ஒரு கட்டம் இருக்கும்: மொத்தம் எத்தனை நாள் வேட்டையாடினார்கள் என்று. அதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

கணக்கு புரிவதற்காக நானே போட்ட எண்கள் இவை, எந்த யூனிட்டுடையதும் அல்ல. அ என்ற யூனிட்டில் 500 பேர், 200 கிடா, மொத்தம் 2,000 நாள். வெற்றி 40 சதவீதம். ஆ என்ற யூனிட்டில் 120 பேர், 60 கிடா, 720 நாள். வெற்றி 50 சதவீதம். ஆ தானே நல்லது? நாளைக் கிடாவால் வகுத்துப் பாருங்கள். அ-வில் ஒரு கிடாவுக்கு 10 நாள், ஆ-வில் 12 நாள். ஆ-வுக்குப் போனவர்கள் ஆளுக்கு 6 நாள் தங்கி உழைத்ததால்தான் அந்த 50 வந்திருக்கிறது. அலுவலகத்தில் மூன்று நாள் லீவுக்கே மல்லுக்கட்டுகிறவருக்கு அ தான் சரி.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ஆணும் பெண்ணும் எல்லா சீசனும் கலந்த மொத்த அட்டவணையைப் பார்த்துவிடாதீர்கள். உங்கள் சீசனுக்கான ரைபிள் அட்டவணையை எடுங்கள். இரண்டு, ஒரே வருடத்தைப் பார்க்காதீர்கள், ஐந்து வருடம் பாருங்கள். 2022-23 பனிக்காலம் வடமேற்கு கொலராடோவையும் தெற்கு, மேற்கு வயோமிங்கையும் நொறுக்கிவிட்டது. குட்டிகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன, அடுத்த சீசனுக்கு டேக் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அதற்கு முந்தைய வருடத்து அட்டவணையை மட்டும் நம்பி அங்கே போனவருக்கு எப்படி இருந்திருக்கும்! ஒரு பனிக்காலத்தில் குட்டிகள் போனால், அந்த வயதுக் கிடாக்கள் மந்தையில் பல வருடத்துக்குக் குறைவாகவே இருக்கும்.

நான்காம் படி: வரைபடம்

இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. நில உரிமை காட்டும் ஆன்எக்ஸ் மாதிரி ஒரு செயலியில் யூனிட்டைத் திறந்து, எது பி.எல்.எம். (மத்திய அரசின் நில நிர்வாகத் துறை) நிலம், எது தேசியக் காடு, எது தனியார் என்று பாருங்கள். பொது நிலம் நிறைய இருந்தும் அதற்குள் நுழையப் பாதையே இல்லாமல் சுற்றிலும் தனியார் வேலி இருக்கலாம். தேசியக் காட்டுக்குள் வண்டிப் பாதை எந்த மாதம் திறப்பு, எந்த மாதம் பூட்டு என்று வனத்துறை தனி வரைபடம் போடுகிறது, இலவசம்தான். அதைப் பார்க்காமல் போனால் பூட்டிய கேட்டின் முன்னால் நின்று, அங்கிருந்து நான்கு மைல் நடக்கவேண்டி வரும். கிடா விழுந்தால் எலும்பு நீக்கிய கறியே 60, 70 பவுண்ட் வரும். அதை முதுகில் சுமந்துகொண்டு அதே நான்கு மைலைத் திரும்ப நடக்கவேண்டும்.

அப்படியே நோய் விவரத்தையும் பார்த்துவிடுங்கள். சி.டபிள்யூ.டி. என்ற மூளையரிப்பு நோய் முதன்முதலாகக் கண்ணில் பட்டது 1967-இல், இதே கொலராடோவில், ஆராய்ச்சிக்காக அடைத்து வளர்த்த மியூல் மான்களிடம். வயதான கிடாக்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. சில யூனிட்களில் தலையைப் பரிசோதனைக்குக் கொடுப்பது கட்டாயம், அந்தப் பட்டியல் வருடத்துக்கு வருடம் மாறும். நோய் இருப்பதாக முடிவு வந்தால் கறியைச் சாப்பிடக்கூடாது. மிளகு வறுவலுக்கு அவசரப்படாமல் முடிவு வரும்வரை ஃப்ரீசரில் வைத்திருங்கள்.

ஐந்தாம் படி: துப்பாக்கி இல்லாமல் ஒரு வார இறுதி

என்னைக் கேட்டால் மேலே சொன்ன நான்கும் இதற்கான முன்வேலைதான்.

நான் தொலைத்த அந்த வருடத்தில், ஆகஸ்ட் மாதம் புது யூனிட்டைப் பார்க்கப் போனேன். மரங்கள் முடியும் உயரத்துக்கு மேலே, திறந்த புல்வெளியில், கொம்பில் இன்னும் வெல்வெட் தோல் போர்த்திய பதினொரு கிடாக்கள் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தன. தலைகால் புரியவில்லை. நவம்பரில் டேக்கோடு அதே புல்வெளிக்குப் போனேன். முழங்கால்வரை பனி, ஒரு தடம்கூட இல்லை. கிடாக்கள் எல்லாம் பல மைல் கீழே, வேறொரு யூனிட்டுக்குள் இறங்கிவிட்டிருந்தன. இடம் பெயரும் என்று ஆரம்பத்தில் சொன்னது இதற்காகத்தான்.

ஆகவே நீங்கள் கேட்க நினைக்கும் சீசன் நவம்பர் இரண்டாவது வாரம் என்றால், அதற்கு முந்தைய வருடம் அதே வாரம் போய்ப் பாருங்கள். துப்பாக்கி வேண்டாம். ஆனால் அங்கே மற்றவர்கள் சுட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் வேட்டைக்காரருக்குச் சட்டம் சொல்லும் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க் மேலுடையையும் தொப்பியையும் நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

விடிவதற்கு அரைமணி நேரம் முன்பே ஒரு மேட்டில் சூரியனுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். பைனாகுலரை ட்ரைபாடில் மாட்டுங்கள். கையில் பிடித்தால் ஆடும், ஆடும் படத்தில் மான் தெரியாது. முழு மானைத் தேடாதீர்கள். சேஜ் புதருக்கு மேலே ஒரு காது அசையும், ஜூனிப்பர் நிழலில் படுக்கையாக ஒரு முதுகுக்கோடு தெரியும், பின்புறத்தின் வெள்ளைத் திட்டு தெரியும். வெயில் ஏறினால் நிழல் நகரும். படுத்திருந்த மான் எழுந்து நிழலுக்கு மாறி மறுபடி படுக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் பதினொரு மணிவரை எழுந்திருக்கக்கூடாது என்கிறேன்.

அப்புறம் இறங்கி நடங்கள். புழுக்கை நம் ஊர் ஆட்டுப் புழுக்கை மாதிரியேதான் இருக்கும். கறுத்துப் பளபளவென்று இருந்தால் புதுசு, சாம்பல் பூத்து உதிர்ந்தால் பழசு. இளமரங்களில் கொம்பு தேய்த்துப் பட்டை உரிந்திருக்கிறதா பாருங்கள். வண்டி நிறுத்துமிடத்தில் எத்தனை ட்ரக் நிற்கிறது என்று எண்ணுங்கள். பல ட்ரக் நின்றும் மலையில் ஆள் அதிகம் தென்படவில்லை என்றால் பயப்படவேண்டாம், முக்கால்வாசிப் பேர் பாதையை விட்டு அதிக தூரம் போகமாட்டார்கள்.

நவம்பரில் முடியவில்லை, மார்ச்சில் போகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். தயவுசெய்து வேண்டாம். பனிக்கால முடிவில் மான்கள் எலும்பும் தோலுமாக இருக்கும். அப்போது விரட்டி ஓட வைத்தால் அதுவே அவற்றைக் கொன்றுவிடும். ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே உள்ள பொது நிலத்தில் ஜனவரி முதல் ஏப்ரல் முடிய உதிர்ந்த கொம்பு பொறுக்குவதற்கே தடை போட்டிருப்பது இதனால்தான்.

ஆறாம் படி: பழையதை விடாமல் புதியதைத் தொடுவது

விண்ணப்பத்தில் நான்கு விருப்பங்கள் எழுதலாம். பாயிண்ட் செலவாவது முதல் விருப்பம் கிடைத்தால் மட்டும்தான். அதனால் முதல் விருப்பத்தில் பாயிண்ட் மட்டும் கேட்கும் குறியீட்டை, அதாவது டி-பி-999-99-பி என்பதை எழுதிவிட்டு, இரண்டாவது விருப்பத்தில் புதிய யூனிட்டை எழுதுங்கள். கிடைத்தால் புது இடத்தைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, பாயிண்டும் ஒன்று கூடியது. ஒரே நிபந்தனை, முதல் விருப்பமாகக் கேட்டவர்களுக்குக் கொடுத்த பிறகும் டேக் மீதம் இருக்கும் யூனிட்டாக அது இருக்கவேண்டும். இரண்டாம் படியில் சொன்ன பட்டியலிலேயே அது தெரியும்.

கடைசியாக உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: முதல் வருடம் ஒன்றும் கிடைக்காவிட்டாலும் இன்னும் இரண்டு வருடம் இதே இடத்துக்கு வருவேனா? ஒரு மலையை முதல் வருடம் சுற்றிப் பார்க்கத்தான் முடியும், தெரிந்துகொள்வது இரண்டாம் வருடத்தில்தான். ‘வருவேன்’ என்று தயங்காமல் வாயில் வந்தால் விண்ணப்பியுங்கள். தயங்கினால் பழைய இடத்துக்கே போய், இந்தத் தடவை இருட்டிலேயே கிளம்புங்கள்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வழக்கமாக ஏப்ரல் முதல் செவ்வாய், இரவு 8 மணி. நான் இந்த வருடம் இரண்டாவது விருப்பத்தில் புதிய யூனிட் ஒன்றை எழுதியிருக்கிறேன். போன நவம்பரில் துப்பாக்கியில்லாமல் போய் இரண்டு நாள் உட்கார்ந்த இடம். பார்த்தது மூன்றே மூன்று கிடாக்கள், ஆகஸ்டில் பார்த்த பதினொன்றைவிட இந்த மூன்றின்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.