பாத்ரூம் சுவருக்கு வெளிர் நிறம்: டைல்ஸிலிருந்து தொடங்குங்கள்

நம் வீடுகளில் பாத்ரூமுக்குப் பெயின்ட் என்றால் டைல்ஸுக்கு மேலே மிஞ்சும் சுவரும் சீலிங்கும்தான். டைல்ஸ் 7 அடி வரை ஏறியிருக்கும். அதற்கு மேல் இரண்டரை, மூன்று அடி. இத்துனூண்டு இடம்தானே என்று ஹாலுக்கு அடித்து மிஞ்சியதை இங்கே தீர்த்துவிடுகிறார்கள். புது டைல்ஸ்கூட அழுக்கேறியது போலத் தெரிவதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். டைல்ஸையும் அங்கே எரியும் விளக்கையும் முதலில் பாருங்கள். ஷேட் கார்டைப் பிறகு கையில் எடுக்கலாம்.

வெளிர் டைல்ஸ் எதுவும் முழு வெள்ளையாக இருப்பது அரிது. ஒரு ஏ4 தாளைப் பகல் வெளிச்சத்தில் டைல்ஸ் மேல் ஒட்டி, நான்கடி தள்ளி நின்று பாருங்கள். வெள்ளை என்று நினைத்து வாங்கிய டைல்ஸ், தாளுக்குப் பக்கத்தில் லேசாக மஞ்சளடிக்கும்; சிலதில் ரோஸ் தெரியும், சிலதில் நீலமோ பச்சையோ. அதுதான் டைல்ஸின் அடிச்சாயல். சுவரின் நிறமும் அதே சாயலில், டைல்ஸைவிட ஒரு படி வெளிறி இருந்தால் இரண்டும் ஒட்டிப்போகும்.

ஐவரி டைல்ஸுக்கு மேல் பளீர் வெள்ளை அடித்தால் டைல்ஸ் பழுத்துப்போனது போல ஆகிவிடும். அங்கே மஞ்சள் துளி கலந்த ஆஃப் ஒயிட்தான் சரி. நீலச் சாயல் உள்ள சாம்பல் டைல்ஸுக்கு, சாம்பல் துளி கலந்த வெள்ளை. எல்லாவற்றிலும் மோசமான ஜோடி, ரோஸ் சாயல் பீஜ் டைல்ஸும் மஞ்சள் க்ரீம் பெயின்டும். தனித்தனியாக அழகாக இருக்கும் இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று கெடுக்கும். நடுவில் பூ டிசைன் ஹைலைட்டர் பட்டை ஓடினால், பூவின் நிறத்தை மேலே கொண்டுபோகாதீர்கள். பூவுக்குப் பின்னால் இருக்கும் பின்னணி நிறத்தைப் பிடியுங்கள்.

ஷேட் கார்டில் வெளிர் நிறங்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். சாயல் பிடிபடவில்லை என்றால் அதே பட்டையின் அடியில் இருக்கும் அடர் நிறத்தைப் பாருங்கள். அது காக்கியாக இருந்தால் மேலே உள்ள வெளிர் நிறத்திலும் பச்சை ஒளிந்திருக்கிறது. செங்கல் நிறமாக இருந்தால் ரோஸ். சில கார்டுகளில் எல்.ஆர்.வி என்று ஓர் எண் இருக்கும். சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதை 0 முதல் 100 வரை சொல்லும் அளவு அது. வென்டிலேட்டர் மட்டுமே உள்ள பாத்ரூமுக்கு 70-க்கு மேல் எடுங்கள். பெரிய ஜன்னல் இருந்தால் 60 வரை இறங்கலாம்.

அடுத்தது விளக்கு. கடைகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் கூல் டே லைட் எரியும் (கெல்வின் என்பது விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு). அங்கே அமைதியாகத் தெரிந்த க்ரீம், வீட்டில் 3000 கெல்வின் வார்ம் ஒயிட் பல்பின் கீழ் வெண்ணெய் மஞ்சளாகிவிடும். மறுபுறம், மெல்லிய சாம்பல் 6500 கெல்வினில் நீலம் பாய்ந்து, அறையே குளிர்ந்துபோனது போல இருக்கும். பாத்ரூமுக்கு 4000 கெல்வின் எல்இடி போடுவது நல்லது. பல்பை மாற்றப்போவதாக இருந்தால் நிறம் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

மனதில் இரண்டு, மூன்று நிறங்கள் நின்றதும் சிறிய சாம்பிள் வாங்கி, வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். ஈரத்தில் பால்போலத் தெரியும் எமல்ஷன் காய்ந்தபின் சற்று அடரும் என்பதால் ஈர அட்டையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பழைய சுவரில் நேராக அடித்துப் பார்ப்பதும் வேண்டாம். பழைய நிறம் சூழ்ந்திருக்க, புதியது வேறு மாதிரி தெரியும். அட்டையை டைல்ஸின் மேல் விளிம்பை ஒட்டி நிறுத்தி, காலை, மதியம், இரவு விளக்கு என மூன்று நேரமும் பாருங்கள். வென்டிலேட்டருக்கு வெளியே மரம் நின்றால் பகலில் பச்சை உள்ளே விழும். சின்ன அறையில் எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றின் நிறத்தை மற்றொன்றின் மேல் வீசுவதால் நிறம் அட்டையில் இருப்பதைவிடக் கூடித் தெரியும். ஆகவே இரண்டுக்கு நடுவே தடுமாறினால் வெளிறியதை எடுங்கள்.

சீலிங்குக்குத் தனி வெள்ளை தேவையில்லை. மூன்றடிப் பட்டைக்கும் சீலிங்குக்கும் ஒரே நிறம் அடித்தால் நடுவே கோடு விழாது. அறை உயரமாகத் தெரியும்.

நிறம் எவ்வளவு சரியாக இருந்தாலும் பெயின்ட் வகை தவறினால் வீண். டிஸ்டம்பர் ஆவியில் ஊறித் தூளாக உதிரும். ஆயில் எனாமலைத் தண்ணீர் அசைக்காது என்று சொல்லி அடிப்பார்கள். ஆனால் வெளிச்சம் குறைந்த அறையில் வெள்ளை எனாமல் நாளடைவில் மஞ்சளாகும். பூஞ்சைத் தடுப்பு சேர்த்த அக்ரிலிக் எமல்ஷன், சாட்டின் அல்லது சாஃப்ட் ஷீன் பூச்சில் வாங்குங்கள். பளபளக்கும் ஃபுல் கிளாஸ் பூச்சில், பட்டியின் (சுவரைச் சமமாக்கப் பூசும் மாவு) மேடுபள்ளம் அத்தனையும் விளக்கொளியில் தெரியும்.

அளவு கணக்கு எளிது. 5-க்கு 8 அடி பாத்ரூமில் சுற்றளவு 26 அடி. மூன்றடிப் பட்டைக்கு 78 சதுர அடி, சீலிங் 40, மொத்தம் 118. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60 சதுர அடி என்று வைத்தால் 2 லிட்டர் போதும். டின்னில் லிட்டருக்கு இதைவிட அதிகச் சதுர அடி போட்டிருப்பார்கள். அது வழவழப்பான சுவருக்கான கணக்கு. இரண்டு லிட்டரையும் ஒரே நேரத்தில் கலக்கி வாங்குங்கள். பிறகு போய்க் கலக்கினால் அதே எண்ணிலும் நிறம் மயிரிழை மாறலாம். வெளிர் நிறத்தில் அது கண்ணில் குத்தும்.

அடிப்பதற்கு முன் சுவரில் ஓதம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றரை அடி பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். சுவரை ஒட்டிய பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. மேல் வீட்டுக் கசிவோ பைப் கசிவோ, அதைச் சரிசெய்யாமல் அடித்தால் உப்புப் பூத்து, பட்டியோடு பொரிந்து விழும். புதுப் பூச்சுச் சுவரென்றால் 28 நாளாவது ஆறட்டும்.

சீலிங்கில் கரும்புள்ளி இருந்தால் மேலே பெயின்ட் பூசி மறைக்க முடியாது. பூஞ்சை சில வாரங்களில் மீண்டும் துளிர்க்கும். ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி நேரம் கழித்துத் துடைத்துக் காயவிடுங்கள். கையுறை போடுங்கள், கதவைத் திறந்து வையுங்கள். டாய்லெட் கழுவும் ஆசிட்டை அதோடு சேர்த்துவிடாதீர்கள். நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

பிறகு வெள்ளை சிமென்ட் பட்டி இரண்டு கை, நன்றாகக் காய்ந்ததும் உப்புத்தாள் தேய்ப்பு, தூசி துடைப்பு, பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட். கோட்டுக்குக் கோட் 4 மணி நேர இடைவெளி விடுங்கள். டைல்ஸ் விளிம்பில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பை, கடைசி கோட் முழுக்கக் காய்வதற்குள் உரித்துவிட வேண்டும். காய்ந்தபின் இழுத்தால் பெயின்ட் தோலாகக் கூடவே வரும். இரண்டு நாளுக்கு அங்கே வெந்நீர்க் குளியல் வேண்டாம். சுவரை ஈரத்துணியால் தேய்த்துத் துடைப்பதானால் ஒரு மாதம் பொறுங்கள். மிஞ்சிய பெயின்டைச் சிறிய பாட்டிலில் ஊற்றி, ஷேட் எண்ணை மேலே எழுதி எடுத்துவையுங்கள். டவல் கம்பிக்கு ஓட்டை போட்டால் பூசி மறைக்க உதவும்.