ராயக்கோட்டை மலை: ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் தேவை

1791-இல் ஆங்கிலேயப் படை திப்புவிடமிருந்து பிடித்த ராயக்கோட்டை உட்பட, கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கோட்டை மலைகள் உயரத்தால் ஆளை வீழ்த்துவதில்லை. வெயிலும் மொட்டைப் பாறையும்தான் வீழ்த்தும்.

மார்கழி, தை மாதங்கள் தோதானவை. விடியும்போது அடிவாரத்தில் இருங்கள். ஒன்பது, ஒன்பதரைக்குள் இறங்கிவிடுங்கள். பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டை இருட்டும் வரை கக்கும். அதனால் சாயங்காலம் ஏறலாம் என்ற கணக்கு வேண்டாம்.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டர் தீர்ந்ததும், உச்சி எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். வியர்வையில் போகும் உப்பை வெறும் தண்ணீர் ஈடுகட்டாது. உப்புப் போட்ட நீர்மோர் அரை லிட்டரும் கடலை உருண்டையும் கூடவே வையுங்கள். சுனைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், அது தேங்கி நிற்பது.

பாறையில் மேலிருந்து கீழாகக் கருப்புக் கோடுகள் ஓடும். அவை மழைநீர் வழியும் தடங்கள். காய்ந்த பாசிதான் அந்தக் கருப்பு. வெயிலில் பிடிமானம் இருப்பதுபோலத் தெரியும். பனி ஈரம் பட்டாலே சோப்புத் தேய்த்த மாதிரி வழுக்கும். வெளிறிய பாறையிலேயே கால் வையுங்கள், அதுவும் பாதம் முழுக்கப் பதியும்படி. செருப்பு ஆகாது, அடி தேயாத ரப்பர் ஷூ போதும்.

இறங்கும்போதுதான் அதிகம் பேர் விழுகிறார்கள். பாறை உதிர்ந்த பருமணல் சரிவில் பரவிக் கிடக்கும்; களத்தில் சிந்திய கேழ்வரகின்மேல் நடப்பது போல ஒவ்வொரு மணியும் காலடியில் உருளும். குதிகாலை ஊன்றி உடம்பைப் பின்னுக்குச் சாய்த்தால் சறுக்கிவிடும். முழங்காலைச் சற்று மடக்கி, சின்ன அடியாக, பக்கவாட்டில் இறங்குங்கள். கிளம்புமுன் ஷூ கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டினால் கால்விரல் முன்னால் போய் இடிக்காது. உண்ணிச்செடி முள் கீறும் என்பதால் முழுக்கால் பேன்ட் நல்லது.

பாறை விளிம்புகளில் மலைத்தேனீ அடை தொங்கும். அதன் கீழே புகை, சென்ட் வாசனை, கல்லெறிதல் எதுவும் கூடாது. கலைந்துவிட்டால் கையை வீசாமல், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, கால் வைக்கும் இடத்தைப் பார்த்தபடி விலகுங்கள். கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். பல கொட்டு பட்டாலோ மூச்சு வாங்கினாலோ 108-ஐக் கூப்பிடத் தயங்கக் கூடாது.